காலக்கிரமமும் மூப்பும்

மூப்பைத் தாமதப்படுத்த முடியுமா என்ற கேள்வி மனித குலத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்றாயினும், அது பரிசோதனைச்சாலையில் வைத்து விசாரிக்கத்தக்க பொருளாக ஆனது ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர்தான். அக்காலம் தொட்டு இன்றுவரை அதற்கு அளிக்கப்பட்ட விடைகளை இரண்டு பெரும் பிரிவுகளில் அடக்கிவிடலாம். முதற் பிரிவினர், யௌவனம் என்பது நாளமில்லாச் சுரப்பிகள் இரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்களின் அளவைப் பொறுத்தது என்றும், வயது ஏற ஏறக் குறைந்துபோகும் அவற்றை வெளியிலிருந்து ஊட்டினால் இழந்த வலிமை திரும்பும் என்றும் கருதினார்கள். இரண்டாம் பிரிவினர், ஹார்மோன்களின் அளவோடு அவை சுரக்கும் வேளையையும் கணக்கிட வேண்டும் என்றும், சரீரத்துக்குள் ஓயாமல் இயங்கும் ஒரு கடிகாரத்தின் ஆணைப்படியே அவை ஏறி இறங்குகின்றன என்றும், அந்தக் காலக்கிரமம் கெடுமாயின் தேகம் விரைந்து தளர்கிறது என்றும் சொல்லுகிறார்கள். இவ்விரு அபிப்பிராயங்களுக்கும் கிடைத்திருக்கும் பிரமாணங்களை நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஜயபுரம், நகரி, புத்தூர், சத்தியவேடு முதலிய ஊர்களில் தமிழும் தெலுங்கும் பேசி வாழும் நம் எல்லைப்புற மக்கள் இந்த விசாரணையில் விசேஷ அக்கறை கொள்வதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உடற்கடிகாரத்தைப் பற்றி இந்தியாவில் நடந்த ஆரம்பகால ஆராய்ச்சிகளுள் குறிப்பிடத்தக்க சில, திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் நடந்தவை என்பது முதற் காரணம். விசைத்தறியிலும், தொழிற்சாலையிலும், யாத்திரிகர் சேவையிலும், வயல் கிணற்றடியிலும் இரவைப் பகலாக்கி உழைக்கும் ஜனங்கள் இப்பிரதேசத்தில் திரளாக இருக்கிறார்கள் என்பது இரண்டாவது காரணம். மூப்பைப் பற்றிய இன்றைய சாஸ்திரம் யாரைக் குறித்து அதிகமாகக் கவலைப்படுகிறதோ, அவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

யௌவனத்தை மருந்தில் தேடிய காலம்

சித்த வைத்தியத்தில் காயகல்பம் என்றும், ஆயுர்வேதத்தில் ரசாயனம் என்றும் வகுக்கப்பட்ட முறைகள் நரை திரையை நீக்கி ஆயுளை நீட்டும் என்ற நம்பிக்கையோடு நெடுங்காலமாக நம் நாட்டில் வழங்கி வந்திருக்கின்றன. 1938-ஆம் ஆண்டில், எழுபது வயதைக் கடந்திருந்த பண்டித மதன்மோகன் மாளவியா காயகல்ப சிகிச்சை செய்துகொண்டபோது அச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அதற்குப் பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1946-இல் அவர் காலமானார். அந்த எட்டு ஆண்டுகளில் சிகிச்சைக்கு உரிய பங்கு எவ்வளவு, அவருடைய ஒழுங்கான வாழ்க்கைக்கும் பிறவித் தேகபலத்துக்கும் உரிய பங்கு எவ்வளவு என்று ஒருவருடைய அனுபவத்தை மட்டும் கொண்டு எவராலும் நிர்ணயிக்க இயலாது. சிகிச்சை பெற்ற பலரை, பெறாத பலரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு இல்லாதவிடத்து, மருந்தின் பலமும் நம்பிக்கையின் பலமும் ஒன்றோடொன்று கலந்தே நிற்கும்.

இதே குறை அக்காலத்து ஐரோப்பிய வைத்திய சாஸ்திரத்திலும் இருந்தது. 1889-ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்தின் புகழ் பெற்ற உடலியல் அறிஞரான பிரௌன்-செகார், தம் எழுபத்திரண்டாம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தம் உடம்பில் ஊசி மூலம் செலுத்திக்கொண்டு, இழந்த சக்தி மீண்டுவிட்டதாக அறிஞர் சபையில் அறிவித்தார். நீரில் வடித்த அச்சாற்றில் ஆண்மை ஹார்மோன் மிகச் சொற்பமாகவே இருந்திருக்கக்கூடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1920-களில் செர்ஜ் வொரொனாஃப் என்பவர் குரங்கின் விரைத் திசுவை முதியவர்களுக்கு ஒட்டுவைத்துப் பெரும் புகழும் செல்வமும் ஈட்டினார். சில ஆண்டுகளுக்குள் அம்முறை பலனற்றதென்று கைவிடப்பட்டது. எனினும் இந்த முயற்சிகள் எழுப்பிய ஆவல் வீண்போகவில்லை. சுரப்பிகளை ஆராயும் சாஸ்திரம் வளர்ந்தது. 1921-இல் கனடா நாட்டு டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தபோது, மரணத்தின் வாயிலில் நின்ற எண்ணற்ற குழந்தைகள் உயிர் பெற்றார்கள். ஒரு சுரப்பி உண்மையாகவே கெட்டுப்போன இடத்தில் அதன் ஹார்மோனை ஊட்டுவது உயிர்காக்கும் தர்மம் என்பதில் அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. நோயாளிக்குக் கண்ட அந்தப் பலன், வயதின் இயல்பால் மெலிந்து நிற்கும் ஆரோக்கியமான முதியவருக்கும் உண்டு என்று ஊகித்ததில்தான் இடறல் நேர்ந்தது.

அந்த இடறலுக்கு வளர்ச்சி ஹார்மோனின் வரலாறு தக்க உதாரணம். 1990-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் டேனியல் ருட்மன், அறுபது வயதைக் கடந்த பன்னிரண்டு ஆடவருக்கு ஆறு மாத காலம் அந்த ஹார்மோனைக் கொடுத்து, அவர்களுடைய தசைப்பகுதி ஏறத்தாழ 9 சதவிகிதம் கூடியதையும் கொழுப்பு ஏறத்தாழ 14 சதவிகிதம் குறைந்ததையும் வெளியிட்டார். அக்கட்டுரையைப் பற்றுக்கோடாக வைத்து உலகெங்கும் பெரிய வியாபாரமே எழுந்தது. ஆனால் அடுத்தடுத்து நடந்த பரிசோதனைகளில், தசை கூடினாலும் அதற்கேற்ற வலிமை கூடவில்லை என்பதும், வீக்கம், மூட்டுவலி, இரத்தச் சர்க்கரை உயர்வு ஆகியவை தோன்றுகின்றன என்பதும் தெரியவந்தன. இதனினும் ஆச்சரியமானது ஒன்று உண்டு. பிறவியிலேயே வளர்ச்சி ஹார்மோன் சுரக்காத ஏம்ஸ் என்னும் குள்ளச் சுண்டெலிகள், தம் சகோதர எலிகளைவிட ஏறத்தாழப் பாதிப் பங்கு அதிக காலம் வாழ்கின்றன. ஈக்குவடார் நாட்டில் அந்த ஹார்மோனின் ஆணையை ஏற்கும் சக்தி இல்லாமல் பிறக்கும் லாரன் நோயினரை நெடுநாள் ஆராய்ந்த ஹைமே குவேரா-அகிர்ரேயும் அவர் குழுவினரும், அவர்களிடையே புற்றுநோயும் நீரிழிவும் மிக அரிதாக இருப்பதை 2011-இல் எடுத்துக்காட்டினார்கள். இளமைக்குக் காரணம் என்று எந்த ரசத்தை ஊட்டினார்களோ, அது குறைந்திருந்த உடல்களே மூப்பின் நோய்களுக்குத் தப்பி நின்றன.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் கொடுக்கப்படும் ஹார்மோன்களின் கதையும் நம் கவனத்துக்கு உரியது. அமெரிக்காவில் 16,608 பெண்மணிகளைக் கொண்டு நடந்த ஒரு மாபெரும் பரிசோதனை, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்தபோது மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியதைக் கண்டு 2002-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அந்தத் தீர்ப்பையும் அளவுக்கு மீறி நீட்டிவிடலாகாது. மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளுக்குள், உடற்சூடும் உறக்கமின்மையும் தாங்க முடியாதபோது, மருத்துவர் மேற்பார்வையில் அச்சிகிச்சையைக் கொள்வது நியாயமே என்பது இன்றைய மருத்துவ உலகின் கருத்து. துயர் தணிக்கும் மருந்தாக அதற்கு இடம் உண்டு, சாவாமருந்தாக இடமில்லை. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் டி.எச்.இ.ஏ. என்னும் பொருளை, ‘இளமை ஹார்மோன்’ என்று கடைகளில் விற்றதை, மேயோ மருத்துவ நிலையத்து ஸ்ரீகுமாரன் நாயரும் அவர் துணைவர்களும் முதியவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து, தேக அமைப்பிலோ வலிமையிலோ வாழ்க்கைச் சுகத்திலோ சொல்லத்தக்க நன்மை எதுவும் இல்லை என்று 2006-இல் அறிவித்தார்கள்.

வேளையைக் காட்டும் கடிகாரம்

அளவைப் பற்றிய ஆராய்ச்சி இவ்வாறு ஏமாற்றங்களோடு நடந்துகொண்டிருக்கையில், வேளையைப் பற்றிய ஆராய்ச்சி வேறொரு திசையிலிருந்து அமைதியாக வளர்ந்து வந்தது. 1729-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் த மேரான், பகலில் விரிந்து இரவில் குவியும் தொட்டாற்சுருங்கி வகைச் செடியை இருளில் வைத்துப் பார்த்தபோது, சூரிய ஒளி இன்றியும் அதன் இலைகள் தம் வேளையில் விரிந்து குவிந்தன. இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மானியரான எர்வின் பியூனிங், அவரைச் செடிகளைக் கொண்டு இந்தத் தாளம் பரம்பரையாக வருவது என்பதை நிலைநாட்டினார்.

இந்தச் சாஸ்திரம் முளைவிட்ட அக்காலத்திலேயே நம் தென்னாட்டு விலங்கியல் அறிஞர்களும் இதில் இறங்கினார்கள். கே. பம்பாபதி ராவ், கடற்கரைச் சிப்பிகள் நீரை உறிஞ்சித் தள்ளும் வேகம் கடலின் ஏற்றவற்றத்தை ஒட்டி மாறுவதையும், சிப்பிகளை வேறு கரைக்கு மாற்றி வைத்தால் அத்தாளமும் மாறக்கூடியது என்பதையும் 1954-இல் வெளியிட்டார். திருப்பதியில் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். பிற்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் அமர்ந்த பம்பாபதி ராவும் அவருடைய மாணவ பரம்பரையினரும், நட்டுவாக்காலி இனத்தைச் சேர்ந்த பெரிய தேளைத் தங்கள் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார்கள். கற்சந்திலும் வளையிலும் பகலெல்லாம் ஒடுங்கிக் கிடந்து இருட்டியபின் இரைதேடப் புறப்படும் அப்பிராணியின் நரம்பு இயக்கமும், தசையிலுள்ள நொதிகளின் வேகமும், இரத்தத்துச் சர்க்கரையும் நாளுக்கு ஒரு முறை ஒழுங்காக ஏறி இறங்குவதை ஒன்றன்பின் ஒன்றாக அளந்தார்கள். 1967-இல் பம்பாபதி ராவும் டி. கோபாலகிருஷ்ண ரெட்டியும் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்ட சிறு கட்டுரை, நாள்தோறும் நிகழும் இந்தச் செயலோட்டத்தில் இரத்தத்தின் வழியே செல்லும் பொருள்களுக்குப் பங்கு உண்டு என்ற கருத்தை முன்வைத்தது. கடிகாரத்தையும் ஹார்மோனையும் ஒரே வினாவுக்குள் கொண்டுவந்து நிறுத்திய அக்கட்டுரை, ஏழுமலையின் அடிவாரத்தில் எழுதப்பட்டது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அதே காலத்தில் சென்னைக் கடற்கரையின் மணலில் புதையும் எமரிட்டா என்னும் சிறு நண்டின் தாளத்தை ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட எம். கே. சந்திரசேகரன், ஜெர்மனியில் பியூனிங்கிடம் பணியாற்றித் திரும்பி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தை இத்துறையின் தலைமைப்பீடங்களுள் ஒன்றாக்கினார். அவரும் மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோரும், வெளிச்சம் எட்டாத குகைக்குள் அடைத்து வைத்த தனி வௌவால்கூட, அக்குகையில் தன்னிச்சையாக வாழும் கூட்டம் மாலையில் வெளியேறும் வேளையை ஒட்டியே சிறகசைப்பதையும், கூட்டம் இல்லாத குகையில் அதன் தாளம் தன்போக்கில் விலகிச் செல்வதையும் கண்டறிந்தார்கள். சூரியனைப் போலவே சமூகமும் உயிர்களுக்கு வேளை சொல்லுகிறது என்ற பேருண்மை இதனால் துலங்கியது. பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் கடிகாரமும் சூரிய ஒளியும் எட்டாத தனியறையில் மனிதர்களையே தங்கச் செய்து ஆராய்ந்தபோது, பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி, உறக்க விழிப்புச் சுழற்சியோடு பிணைக்கப்பட்டதன்று என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

உலகத்தின் ஏனைய பகுதிகளில் இதே காலத்தில் கடிகாரத்தின் அங்கங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 1971-இல் கனோப்காவும் பென்சரும் பழ ஈயின் நாட்தாளத்தை மாற்றிவிடும் மரபணு ஒன்றைக் கண்டார்கள். அதன் இயக்கத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. உயிரணுவுக்குள் ஒரு மரபணு தன் புரதத்தை உண்டாக்குகிறது; அப்புரதம் போதிய அளவு சேர்ந்ததும் திரும்பிச் சென்று அந்த மரபணுவையே அடக்குகிறது; புரதம் சிதைந்து குறைந்தபின் மரபணு மீண்டும் விழிக்கிறது. இச்சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. மூளையின் அடிப்பாகத்தில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு இருக்கிறது. அதுவே தலைமைக் கடிகாரம் என்பது 1972-இல் தெரியவந்தது. மனிதரிடம் அதன் இயற்கையான சுழற்சி சராசரி 24 மணி 11 நிமிஷம் என்று 1999-இல் சார்லஸ் சைஸ்லர் குழுவினர் அளந்தார்கள். அந்தச் சில நிமிஷ வேற்றுமையை ஒவ்வொரு நாளும் திருத்திக் கொடுப்பது காலை வெளிச்சம். கல்லீரல், கணையம், இருதயம், தசை ஆகிய ஒவ்வொன்றிலும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. நாகஸ்வர கோஷ்டியில் ஒவ்வொருவரும் தத்தம் வாத்தியத்தை வாசித்தாலும் தாளம் போடுபவரின் கையை நோக்கியே ஒன்றுபட்டுச் செல்லுவதுபோல, அவை யாவும் மூளையிலுள்ள தலைமைக் கடிகாரத்தை அனுசரித்துச் செல்லுகின்றன.

ஹார்மோன்கள் அந்தத் தாளத்தை உடலெங்கும் கொண்டுசெல்லும் தூதர்கள். விடியும் முன்னரே கார்ட்டிசால் ஏறத் தொடங்கி, விழிக்கும் வேளையில் உச்சத்தை எட்டி, மாலையில் தாழ்கிறது. இருள் சூழ்ந்தபின் பீனியல் சுரப்பியிலிருந்து மெலடோனின் வெளிப்பட்டு, இது இரவு என்று ஒவ்வோர் அவயவத்துக்கும் அறிவிக்கிறது. முன்னிரவின் ஆழ்ந்த உறக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் பெரும் அலையாக எழுகிறது. ஒரே அளவு உணவுக்குக் காலையில் இன்சுலின் செய்யும் வேலையை நள்ளிரவில் அது செய்வதில்லை. ஆகவே, முதியவரின் இரத்தத்தை ஒரே ஒரு வேளையில் எடுத்து, ஒரு ஹார்மோன் குறைந்துவிட்டது என்று கண்டு, அதை ஊசியால் நிரப்பும் முறை, ஏறி இறங்கும் அலையின் ஒரு புள்ளியை மட்டும் பார்த்துச் செய்யும் காரியமாகிறது.

கடிகாரமும் முதுமையும்

முதுமையில் இந்தக் கடிகாரம் எவ்வாறு மாறுகிறது? அதன் தாளம் அறுந்துபோவதில்லை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேற்றுமை தாழ்ந்துவிடுகிறது. பகலில் கூர்மை குறைந்து தூங்கி விழுதலும், இரவில் ஆழம் குறைந்து அடிக்கடி விழித்தலும், வைகறைக்கு முன்னரே துயில் கலைதலும் அதன் பிரத்தியட்ச அடையாளங்கள். கண்ணின் வில்லை வயதில் மஞ்சளித்து, கடிகாரத்தைத் திருத்தும் நீல நிற ஒளியை உள்ளே விடாமல் தடுப்பதும், வெளியே செல்லாமல் மங்கிய அறையிலேயே நாள் முழுவதும் கிடப்பதும் இதற்குத் துணைக் காரணங்களாகின்றன. திறந்த வெளியின் பகல் வெளிச்சம் பல்லாயிரம் லக்ஸ் அளவில் இருக்க, வீட்டு விளக்கொளி சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. முன்னாளில் திண்ணையில் அமர்ந்து காலை வெயிலைக் கண்டு வந்த நம் பெரியோர், இந்நாளில் ஜன்னல் சாத்திய அறையில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறார்கள்.

கடிகாரத்தின் தளர்ச்சி மூப்பின் விளைவு மட்டுமா, அன்றி அதற்குக் காரணமும் ஆகுமா என்பதே இத்துறையின் நடுநாயகமான வினா. 1998-இல் ஹர்டும் ரால்ஃபும், ஹாம்ஸ்டர் என்னும் எலியினத்தின் முதிய பிராணிகளுக்கு இளங்கருவின் கடிகார முடிச்சை மூளையில் ஒட்டுவைத்தபோது, தாளம் புதுப்பிக்கப்பட்டவை அதிக நாள் வாழ்ந்தன. 2006-இல் கொண்ட்ராடொவ் குழுவினர், பி.மால்-1 என்னும் முக்கியக் கடிகார மரபணு இல்லாமல் பிறந்த சுண்டெலிகள் அகால மூப்படைந்து விரைவில் மாண்டதைக் கண்டார்கள். இவ்விரண்டும் கடிகாரத்தின் பக்கம் வலுவான சாட்சிகள். ஆனால் 2016-இல், அதே மரபணுவை வளர்ந்து முடிந்த பின்னர் நீக்கியபோது அந்த ஆயுட்குறைவு தோன்றவில்லை; அம்மரபணு, கடிகாரத் தொழிலைத் தவிர, வளர்பருவத்தில் வேறு காரியங்களையும் செய்கிறது என்பது இதனால் விளங்குகிறது. பிரிட்டனில் சுமார் 60,000 பேரின் கையில் கட்டிய கருவியைக் கொண்டு உறக்கத்தை அளந்த ஆராய்ச்சி ஒன்று 2024-இல் வெளியாயிற்று. எத்தனை மணி உறங்கினார்கள் என்பதைக் காட்டிலும், எவ்வளவு ஒழுங்கான வேளையில் உறங்கினார்கள் என்பதே மரண அபாயத்தை நெருக்கமாகச் சுட்டியது என்பது அதன் முடிவு. நோயே ஒழுங்கைக் கெடுத்திருக்கவும் கூடுமாதலால் இதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாதெனினும், பல திசைகளிலிருந்து வரும் சாட்சிகள் ஒரே முகமாக நிற்பதை அலட்சியம் செய்வதற்கில்லை.

உண்ணும் அளவும் உண்ணும் வேளையும்

ஆயுளை நீட்டும் வழிகளுள் பரிசோதனைச்சாலையில் மிக நீண்ட காலம் நிலைத்து நிற்பது உணவைக் குறைத்தலாகும். 1935-இல் கார்னெல் பல்கலைக்கழகத்து மக்கேயும் அவர் துணைவரும், சத்துக்குறைவு இல்லாமல் உணவின் அளவை மட்டும் சுருக்கியபோது எலிகள் நீண்டநாள் வாழ்வதைக் காட்டினார்கள். 1993-இல் சிந்தியா கென்யன், இன்சுலினைப் போன்ற ஹார்மோனின் ஆணையை ஏற்கும் மரபணு ஒன்றில் மாறுதல் உண்டான சிறு புழு, இரு மடங்கு ஆயுள் பெறுவதை வெளியிட்டார். உணவு மிகுந்தபோது வளர்ச்சியையும், அருகியபோது பழுதுபார்த்தலையும் உடல் மேற்கொள்கிறது என்ற கொள்கை இவற்றால் உருவாயிற்று.

இந்த ஆராய்ச்சியும் கடிகார ஆராய்ச்சியும் ஒன்றில் ஒன்று கலந்தது 2022-ஆம் ஆண்டில். டல்லஸ் நகரத்தில் ஜோசப் தகஹாஷி, கார்லா கிரீன் ஆகியோரின் குழு, சுண்டெலிகளுக்கு வழக்கமான உணவில் 30 சதவிகிதத்தைக் குறைத்துக் கொடுத்தது. குறைத்த உணவை இரவும் பகலும் பரப்பிக் கொடுத்தபோது ஆயுள் 10 சதவிகிதம் நீண்டது; சுண்டெலி உறங்கும் வேளையாகிய பகலில் மட்டும் கொடுத்தபோது 20 சதவிகிதம் நீண்டது; அது விழித்து ஓடியாடும் இரவில் மட்டும் கொடுத்தபோது 35 சதவிகிதம் நீண்டது. அளவு ஒன்றே, வேளையால் பலன் மூன்று மடங்குக்கு மேல் மாறியது. ஒடிசாவில் பிறந்து கலிஃபோர்னியாவின் சால்க் நிலையத்தில் ஆராயும் சச்சிதானந்த பாண்டாவின் குழுவும், கொழுப்பு மிகுந்த உணவையே உண்ட எலிகள், அதனை எட்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொண்டால் பருமனுக்கும் சர்க்கரைக் கேட்டுக்கும் தப்புவதை 2012-இல் காட்டியிருந்தது.

எலிக்கு உண்மையாவது மனிதருக்கும் அவ்வண்ணமே ஆகும் என்று கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். சீனாவின் குவாங்சோ நகரில் பருமனான 139 பேரிடம் ஓராண்டு நடத்திய பரிசோதனையில், உணவின் அளவைக் குறைத்தவர்களுக்கும், அதே குறைப்போடு உண்ணும் நேரத்தையும் எட்டு மணிக்குள் சுருக்கியவர்களுக்கும் எடையில் பெரிய வேற்றுமை காணப்படவில்லை என்று 2022-இல் வெளியாயிற்று. ஆகவே கால ஒழுங்கு அளவை மீறி உண்பதற்குப் பிராயச்சித்தம் ஆகாது. ஆயினும் நள்ளிரவு உணவின் தீமை மனிதரிடமே தெளிவாக அளக்கப்பட்டிருக்கிறது. காலையில் இஞ்சியும் நண்பகலில் சுக்கும் மாலையில் கடுக்காயும் கொள்ளச் சொன்ன நம் சித்த மரபு, மருந்துக்குப் பொழுதும் ஓர் அங்கம் என்று கொண்டிருந்ததையும் இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அம்மரபு வகுத்த பொழுதுகள் சரியானவையா என்பதைப் பரிசோதனையே சொல்ல வேண்டும். பொழுதைக் கேட்க வேண்டும் என்ற அதன் நோக்கு சாரமுடையது.

புதிய மருந்துகள்

தற்காலத்தில் மூப்பைத் தாமதப்படுத்துவதாகப் பேசப்படும் மருந்துகளுள் மூன்றைக் குறிப்பிட்டால் போதும். ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து, பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்த சுரேந்திரநாத் சேகல் கனடாவில் பிரித்தெடுத்த ராப்பமைசின், மனித வயதில் அறுபதுக்கு ஒப்பான முதுமையில் கொடுக்கத் தொடங்கியும் சுண்டெலிகளின் ஆயுளை நீட்டியது என்று 2009-இல் நிரூபிக்கப்பட்டது. எனினும் அது நோயெதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. சிறுநீரக மாற்று சிகிச்சையில் அதன் உபயோகமே அதற்காகத்தான். நீரிழிவு நோயாளர் நாள்தோறும் உட்கொள்ளும் மெட்ஃபார்மின், நோயற்றவர்களின் முதுமை நோய்களையும் தள்ளிப்போடுமா என்று அறிய, நிர் பார்சிலாய் முதலிய ஆராய்ச்சியாளர்கள் பரிசோதனை வகுத்திருக்கிறார்கள். தீர்ப்புக்கு முன்னரே அதை வாங்கி உண்பது விவேகமாகாது. 1958-இல் ஆரன் லெர்னர் பிரித்தெடுத்த மெலடோனினோ, 1990-களில் மூப்பை வெல்லும் அற்புத மருந்தாக விளம்பரம் பெற்றது. அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஆராய்ச்சியில் பயன்பட்ட சுண்டெலி இனங்களுள் சில, பிறவியிலேயே மெலடோனினை உண்டாக்க இயலாதவை என்பதை அறிஞர்கள் உடனே சுட்டிக்காட்டினார்கள். கலைந்த கடிகாரத்தைத் திருத்துவதற்கு அதனால் ஓரளவு உதவி உண்டு. அதற்கு மேல் சொல்லப்படுவதற்குப் பிரமாணம் இல்லை.

நம் பிரதேசத்து இரவுகள்

இனி நம் ஊருக்கு வருவோம். நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறிகளின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீ சிட்டியின் தொழிற்சாலைகளுக்கு, சுற்றுக் கிராமங்களிலிருந்து இளம்பெண்களும் இளைஞர்களும் ஷிப்டுக்கு ஷிப்டு பேருந்தில் செல்கிறார்கள். மாம்பழ காலத்தில் சித்தூர்ப் பக்கத்துக் கூழ் ஆலைகள் இராப்பகலாக ஓடுகின்றன. திருமலையில் நள்ளிரவுக்குப் பின் ஏகாந்த சேவை முடிந்து, சுமார் மூன்று மணிக்கே சுப்ரபாதம் தொடங்கிவிடுவதால், அங்கே முடியிறக்குவோர், சமையல் செய்வோர், துப்புரவாளர், காவலர், வண்டி ஓட்டுவோர் ஆகிய எத்தனையோ பேருக்கு இரவு வேலை நித்திய தர்மமாகிவிட்டது. மும்முனை மின்சாரம் இரவில் வரும் காலங்களில், கரும்புக்கும் நிலக்கடலைக்கும் நீர் பாய்ச்ச விவசாயி உறக்கத்தை விட்டுக் கிணற்றடிக்குச் செல்லுகிறான். பக்தியோடு ஓரிரவு கண்விழித்து மலையேறும் யாத்திரிகருக்கு அதனால் கேடு இல்லை. ஆண்டுக்கணக்காக, ஒரு வாரம் இரவும் மறுவாரம் பகலுமாக மாறிமாறி உழைப்பவரின் நிலை வேறு.

அந்நிலையின் அபாயங்கள் இன்று நன்கு அறியப்பட்டவை. கடிகாரத்தைக் குலைக்கும் இரவு ஷிப்டு வேலை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்க்கத்தக்கது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் வகைப்படுத்தி, 2019-இல் அதை உறுதி செய்தது. 1999-இல் ஈவ் வான் காட்டர் குழுவினர், ஆரோக்கியமான வாலிபர் பதினொருவரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கையில் இருக்கச் செய்தபோது, அவர்களுடைய சர்க்கரையைக் கையாளும் திறனும் ஹார்மோன் நிலையும் முதுமையில் காணப்படுவதைப் போன்ற தளர்ச்சியை அடைந்தன. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர் தொகை 10.1 கோடி என்று சென்னை டாக்டர் மோகன் குழுவினர் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி 2023-இல் கணித்திருக்கிறது. அந்நோய்க்கு இயல்பாகவே எளிதில் ஆட்படும் நம் ஜனங்களிடையே, இரவு உழைப்பு அதனை இன்னும் முன்னதாகக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதை ஊகிக்கப் பெரும் புலமை வேண்டியதில்லை.

பரிகாரங்களும் அறியப்படாதவை அல்ல. 2021-இல், இரவு வேலையை ஒத்த சூழ்நிலையில் 19 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பரிசோதனையில், நள்ளிரவில் உண்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை உயர்ந்தது. இரவு விழித்திருந்தும் பகலில் மட்டுமே உண்டவர்களுக்கு உயரவில்லை. ஷிப்டு மாறுவதாயின் காலையிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து இரவுக்கும் முன்னோக்கி மாறுவது, பின்னோக்கி மாறுவதைவிடத் தேகத்துக்கு எளிது. இரவு வேலை முடிந்து வருபவருக்குப் பகலில் இருண்ட, சந்தடியற்ற உறங்குமிடம் அமைய வேண்டும். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழும் நெசவாளர் வீட்டில் இது எளிதன்று என்பதாலேயே, தொழில் நடத்துவோரும் ஊராட்சியும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்றும் வாரம் ஒரு நாள் ஓய்வு என்றும் வகுத்தது தொழிலாளி பெற்ற பெரும் பாதுகாப்பு. ஆனால் அது பெரும்பாலும் உழைப்பின் நீளத்தை அளந்ததேயன்றி, அவ்வுழைப்பு உடற்கடிகாரத்தின் எந்தப் பொழுதில் விழுகிறது என்பதை அளக்கவில்லை. அந்த அளவையும் சேர்த்து எண்ணும் சட்டமே இக்காலத்துக்குத் தக்கது.

இதுவரை ஆராய்ந்தவற்றால் பெறப்படும் முடிவு இது. உலகில் நிச்சயமாகப் பதிவான மனித ஆயுள்களுள் மிக நீண்டது, 1997-இல் காலமான பிரெஞ்சு மூதாட்டி ஜான் கால்மாவின் 122 ஆண்டுகள். அந்த எல்லையைத் தாண்டச் செய்யும் ஹார்மோனோ மருந்தோ இன்று எவரிடமும் இல்லை. ஆனால் முதுமையின் நோய்கள் ஐம்பது வயதில் வருவதா எழுபதில் வருவதா என்பது பெருமளவுக்கு நம் ஆளுகைக்கு உட்பட்டது. காலை வெளிச்சம், ஒழுங்கான வேளையில் உறக்கம், பகற்பொழுதில் அளவான உணவு, தேக உழைப்பு ஆகியவை அதற்கு இன்று உள்ளவற்றுள் மிக உறுதியான சாதனங்கள். இவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் தன் பொழுதின்மேல் தனக்கே அதிகாரம் இல்லாத ஏழைத் தொழிலாளிக்கு இவை எட்டாத செல்வங்கள் என்பதும் அதே அளவு உண்மை. கூட்டத்தின் தாளமே தனி உயிரின் தாளத்தை நிலைநிறுத்துகிறது என்று மதுரைக் குகையில் கண்ட உண்மை மனிதருக்கும் பொருந்துமாயின், காலக்கிரமத்தைக் காப்பது தனிமனிதரின் ஒழுக்கமாக மட்டும் நின்றுவிடாமல் சமூகத்தின் கடமையுமாகிறது. தேளின் இரத்தத்தில் வேளையைத் தேடிய பல்கலைக்கழகமும், ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞான நிலையமும் ஒரே நகரத்தில் அமைந்திருக்கின்றன. இவை இரண்டும் கைகோத்து, நம் பிரதேசத்தில் இரவில் உழைப்பவர்களின் சர்க்கரையையும், இரத்த அழுத்தத்தையும், உறக்கத்தையும் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, அதன் பலனைத் தமிழிலும் தெலுங்கிலும் அவர்களுக்கே எடுத்துச் சொல்லுமாயின், மூப்பைப் பற்றிய சாஸ்திரத்துக்குத் திருப்பதி செய்யும் இரண்டாவது தொண்டு முதலாவதைவிடப் பெரியதாக விளங்கும்.